நாடி பார்த்த இடங்கள்

அப்பா எனக்கு முதன்முதலில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஒரு குதிரையிடம். எனக்கு அப்போது எட்டு வயது. திருவனந்தபுரத்தில் குதிரைப் போலீஸ் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் அவருக்குப் பழக்கமான காவலர் ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பா என் வலதுகையை எடுத்து அதன் கீழ்த்தாடைக்கு அடியில் கொண்டுபோனார். தாடை எலும்பின் ஓரம் அரிவாள் முதுகைப் போல விரலில் பட்டது. உள்பக்கத்திலிருந்து அந்த ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே ஏறும் ஒரு குழாய், நனைந்த திரி மாதிரி விரலுக்கடியில் வழுக்கியது. மூன்று விரல்களை அதன்மேல் எடுத்து வைத்தார். "அமுக்காத மக்கா. வெரல வச்சுக்கிட்டு சும்ம இரு. நாடி ஒன்னத் தேடி வரும்."

வந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு நிதானமான தட்டல். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் எண்ணினேன். முப்பத்தாறு.

அதற்குப் பிறகு என் விரல்கள் எத்தனையோ உடம்புகளில் நாடியைத் தேடிவிட்டன. வேலையை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும், கரமனை ஆற்றங்கரையில் இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, யோசனை வேறெங்கோ இருக்க, வலதுகையின் மூன்று விரல்களும் திண்ணைத் தூணில் தானாகவே படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஏன் குதிரையில் தொடங்கினார் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அவர் படித்தது சென்னை வேப்பேரியில். அதற்கு முன்னால் கால்நடை வைத்தியம் என்பது சைதாப்பேட்டை விவசாயப் பள்ளியில் ஒரு பாடமாக மட்டும் இருந்தது. 1903 அக்டோபரில் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு தனிக் கல்லூரி தொடங்கியது. லாகூர், பம்பாய், கல்கத்தா இவற்றுக்குப் பிறகு தெற்கே வந்த முதல் கல்லூரி அது. திருவிதாங்கூர்ப் பையன்களுக்கும் அதுதான் கதி. நாகர்கோவிலில் இருந்து ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பி, திருநெல்வேலி போய் ரயிலேறி, 1932ல் அப்பா அங்கே போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷப் படிப்பு. முடித்தால் ஜி.எம்.வி.சி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அது டிப்ளமா. அவர் வெளியே வந்த மறுவருஷம், 1936ல், கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முறையாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் தவறிய அந்தப் பட்டத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை குறைப்பட்டுப் பேசியதில்லை. ஆனால் என் பட்டமளிப்புக்கு வந்தவர் சான்றிதழை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். வீடு வந்து சேரும்வரை திருப்பித் தரவில்லை.

வேப்பேரி என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜட்கா குதிரைகள். காலையில் கல்லூரி ஆஸ்பத்திரி திறக்கும்போதே வண்டிக்காரர்கள் வரிசையில் நிற்பார்களாம். லாடம் தப்பிப் பதிந்த குளம்பு, சேணம் உரசிய முதுகு, வயிற்றுவலியில் உருளும் குதிரை. பாடப் புத்தகமும் அப்படித்தான். சிஸ்ஸனின் உடற்கூறியல் புத்தகம் அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்து பிறகு என் பெட்டிக்கு வந்தது. அதில் ஒவ்வொரு எலும்பும், ஒவ்வொரு தசையும் முதலில் குதிரைக்குச் சொல்லப்படும். மாட்டுக்கு எப்படி மாறுகிறது, பன்றிக்கு எப்படி, நாய்க்கு எப்படி என்பதெல்லாம் பின்னால் வரும். குதிரைதான் மூலபாடம், மற்றதெல்லாம் பாடபேதம்.

இதற்கு வேர் பிரான்ஸ் வரைக்கும் போகிறது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1762ல் லியோன் நகரத்தில் திறந்த க்ளோத் பூர்ஜலா, அதற்கு முன் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அரசாங்கம் அவருக்கு அனுமதி கொடுத்ததோ மாடுகளுக்காக. ஐரோப்பா முழுக்க மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய்க்கு வழி தேட வேண்டியிருந்தது. நாடு அஞ்சியது மாட்டு நோய்க்கு, ஆசிரியருக்குத் தெரிந்தது குதிரை. அந்த இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டு வேப்பேரி வரை வந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். இங்கேயும் அரசாங்கத்துக்கு முதல் கவலை பட்டாளத்துக் குதிரை, அடுத்த கவலை வெக்கை.

வெக்கையை அப்பா கண்ணால் பார்த்தவர். வாயெல்லாம் புண்ணாகி, கண்ணில் நீர் கட்டாமல் ஓடி, கழிந்து கழிந்து நாலைந்து நாளில் மாடு விழும். ஒரு தொழுவத்தில் விழுந்தால் ஊரே விழும். முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் ஆட்டின் உடம்பில் செலுத்திச் செலுத்தி அந்தக் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி கண்டுபிடித்தார். ராணிப்பேட்டையில் 1932ல் மருந்து தயாரிக்கும் நிலையம் வந்தது. நாஞ்சில்நாட்டுக் கிராமங்களில் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்த கதைகளை அப்பா சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஊசி போடப் போன ஊரில், முந்தின நாளே விழுந்த உழவுமாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்திருக்காமலேயே கும்பிட்டாராம். 2011ல் வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்த செய்தியை நான் பத்திரிகையில் படித்தபோது, சொல்ல அப்பா இல்லை. மனிதன் இதுவரை பூண்டோடு ஒழித்தது இரண்டே நோய்கள். ஒன்று பெரியம்மை, மற்றது இது. பெரியம்மை ஒழிந்தது எல்லோருக்கும் தெரியும். வெக்கை ஒழிந்தது மாடு வளர்த்த வீடுகளுக்கே தெரியாது.

எங்கள் காலத்துக் கரமனையில் மாடில்லாத வீடு குறைவு. காலையில் சாணி தெளித்த ஈரத்தில்தான் தெரு விடியும். சாலைத் தெருவுக்கு நாஞ்சில்நாட்டிலிருந்து அரிசி ஏற்றிவந்த வண்டிமாடுகளின் கழுத்தில் நுகத்தடிப் புண் இல்லாமல் இருக்காது. ராத்திரி எந்நேரமானாலும் வாசலில் அரிக்கேன் விளக்கோடு யாராவது நிற்பார்கள். "டாக்டரே, கன்னுக்குட்டி வருந்நில்லா." அப்பா முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அம்மை வெந்நீரும் சோப்பும் எடுத்து வைத்துவிட்டு, திரும்பி வரும்வரை அடுப்பை அணைக்க மாட்டாள்.

நான் 1966ல் மண்ணுத்திக்குப் போனேன். திருச்சூருக்குக் கிழக்கே, பெருவழிச்சாலை ஓரமாக. 1955ல், திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் கடைசிக் காலத்தில் தொடங்கிய கல்லூரி அது. அது வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வேப்பேரிப் பயணம் நின்றது. நான் சேர்ந்தபோது அது கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. அதாவது படிப்பு மண்ணுத்தியில், பல்கலைக்கழகம் எங்கள் ஊர்ப் பாளையத்தில். திருவனந்தபுரத்துக்கென்று ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்ததே இல்லை. மிருகசாலை 1857ல் தொடங்கியது, பாலோட்டில் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் உண்டு, குடப்பனக்குன்றில் அரசுக் கால்நடைப் பண்ணை உண்டு. கல்லூரி மட்டும் இல்லை. பின்னால் 1972ல் மண்ணுத்தி கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. 2010ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வயநாட்டுப் பூக்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தபோது அதற்குள் போனது. தமிழ்நாடு அதை 1989லேயே செய்துவிட்டது. இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் என்ற பெயர், அப்பாவின் வேப்பேரியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தது.

மண்ணுத்தியில் முதல் நாள் ஞாபகம் கண் எரிச்சல். உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் காற்றே தனி. பதப்படுத்திய எருமைக்கன்றுகளை உத்தரத்திலிருந்து கொக்கி மாட்டி, உயிரோடு நிற்கும் நிலையிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். படுக்கவைத்து அறுத்தால் உறுப்புகள் இடம் மாறிவிடும். மாடு நிற்கிற பிராணி, நிற்கும்போது எது எங்கே இருக்கிறதோ அதுதான் வைத்தியனுக்கு வேண்டும். சாப்பாட்டுக்கு உட்காரும்போது எத்தனை தடவை கழுவினாலும் விரலில் அந்த வாசனை இருக்கும். ஒரு மாதம் ஆனது, வாசனையை மறக்க. கூடத்தின் மூலையில் குதிரையின் எலும்புக்கூடு. அதன் கீழ்த்தாடை ஓரத்தில் நாடி வளைந்து ஏறும் இடத்தில் சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. நான் அதைத் தொட்டுப் பார்த்ததை ஆசிரியர் கவனித்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். "வேப்பேரியா?" என்றார். அவரும் வேப்பேரி.

ஆனால் ஆஸ்பத்திரியில் குதிரை இல்லை. வந்ததெல்லாம் மாடு. மண்ணுத்தியிலும், திருச்சூர் டவுனில் கொக்காலை ஆஸ்பத்திரியிலும் காலை எட்டு மணிக்கே டிராவிஸ் நிறைந்துவிடும். டிராவிஸ் என்பது மாட்டை அசையாமல் நிறுத்தும் கட்டைச் சட்டம். எங்கள் படிப்பில் பாதி அதைச் சுற்றி நின்றே நடந்தது. மாட்டுக்கு நாடி பார்ப்பது வாலின் அடிப்பக்கம். வாலை லேசாகத் தூக்கி, அடியில் ஒரு சாண் இறங்கி, நடுவிலுள்ள பள்ளத்தில் விரலை வைக்க வேண்டும். நிமிஷத்துக்கு அறுபது சொச்சம். தாடையிலும் பார்க்கலாம், ஆனால் முன்பக்கம் கொம்பு இருக்கிறது. பின்னால் நிற்பவனுக்கு உதை இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று ஒவ்வொரு மாட்டையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். யானைகளும் வரும்; அந்த வட்டாரத்தில் யானைக்குக் குறைவில்லை. யானைக்குக் காதின் பின்புறம். காதை ஆட்டிக்கொண்டே இருக்கும் பிராணியிடம் நாடியை எண்ணுவது பொறுமைக்குப் பாடம். முப்பதைத் தொட்டால் அதிகம்.

அங்கே கற்ற எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் கிட்டே இருந்து சொல்ல வேண்டும். சினைப் பரிசோதனை. நகத்தை ஒட்ட வெட்டி, தோள்வரை சோப்பு நுரை பூசி, இடதுகையை விரல்களைக் குவித்து மாட்டின் மலக்குடலுக்குள் செலுத்த வேண்டும். உள்ளே கதகதப்பு. குடல் கையை இறுக்கிப் பிடிக்கும். அது தளரும்வரை கையை அப்படியே வைத்திருக்க வேண்டும். பலம் காட்டினால் கிழியும். குடலின் மெல்லிய சுவர் வழியாகக் கீழே கர்ப்பப்பையைத் துழாவ வேண்டும். மூன்று மாதம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எல்லாமே ஈரத் துணிமூட்டை மாதிரி இருந்தது. ஒரு நாள் விடியற்காலை பண்ணையில், நாலு மாதச் சினை என்று சொல்லியிருந்த ஒரு பசுவிடம், கர்ப்பப்பைக்குப் போகும் நடு ரத்தக்குழாய் விரலில் மாட்டியது. அது துடிக்கவில்லை. சிலிர்த்தது. ரப்பர் குழாயில் வேகமாகத் தண்ணீர் ஓடும்போது வெளியே பிடித்த கைக்குத் தெரியுமே, அந்த மாதிரி விடாத ஓட்டம். சினையில்லாத பசுவுக்குத் துடிக்கிற அதே குழாய், சினை வளர்ந்ததும் இப்படிச் சிலிர்க்கும். நான் கையை எடுக்க மறந்து நின்றேன். பசு திரும்பிப் பார்த்தது. அன்று ராத்திரி அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், நாடி பார்க்க நீங்கள் சொல்லாத ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினேன். பதில் அட்டையில் ஒரே வரி: அந்த இடம் வேப்பேரியில் எங்களுக்குக் குதிரையிலேயே காட்டினார்கள், கையைக் கழுவினாயா?

படித்து முடித்து நான் வேலைக்குப் போனது வைக்கம் பக்கம், வேம்பநாட்டுக் காயலோரம். அடுத்ததாகச் சொல்லப்போவதை நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

1961ல் கேரளத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் ஒன்று வந்திருந்தது. உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளைக் காயடித்துவிட வேண்டும். பசுக்களுக்குச் சீமைக் காளையின் வித்தைச் செயற்கை முறையில் ஏற்ற வேண்டும். 1963ல் மூணாறுக்கு மேலே மாட்டுப்பெட்டியில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய திட்டம் பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டுவந்தது. அதிலிருந்து சுனந்தினி என்ற கலப்பினம் பிறந்தது. காரணம் நியாயமான காரணம். மாநிலத்தில் பால் போதவில்லை. நாட்டுப்பசு இரண்டு லிட்டர் கறந்த தொழுவத்தில் கலப்புப் பசு எட்டு, பத்து கறந்தது. ஒரு பசுவை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த விதவைகளை எனக்குப் பெயரோடு தெரியும். அந்தத் திட்டத்தைத் தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் காளைகள். பர்டிசோ என்பது பெரிய இரும்புக் கிடுக்கி. தோல் கிழியாது, ரத்தம் வராது. விரைக்குப் போகும் நரம்புத்தண்டைத் தோலோடு பிடித்து அழுத்தினால், உள்ளே ரத்தக்குழாய் மட்டும் நசுங்கி அறுபடும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அழுத்துவதற்கு முன் விரலால் தண்டைத் தடவி இடம் பார்க்க வேண்டும். அப்போது அதிலும் நாடி தெரியும். அழுத்திய பிறகு தெரியாது. அந்தப் பக்கத்துக் காளைகள் என் இடுப்புக்குக்கூட வராது. கன்றுக்குட்டி உயரம், முழு ஆண்மை, குட்டைக் கொம்பு, பளபளக்கும் சிவப்பு. வெச்சூர் என்ற ஊர் அங்கேதான் இருக்கிறது. உலகின் மிகக் குள்ளமான மாட்டினத்தின் ஊர். சராசரி உயரம் 90 சென்டிமீட்டருக்கும் கீழே. எத்தனை காளைகள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் இருந்திருக்கும்.

பத்துப் பதினைந்து வருஷத்தில் வெச்சூர் மாட்டைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. 1989ல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, வைக்கம் பக்கத்து வீடுவீடாக மிஞ்சிய மாடுகளைத் தேடிப் புறப்பட்டார். கிடைத்தவற்றைப் பல்கலைக்கழகப் பண்ணைக்குக் கொண்டுவந்து இனத்தைப் பெருக்கினார். 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எந்தக் கல்லூரி எங்களைக் கிடுக்கி பிடிக்கப் பழக்கியதோ, அதே கல்லூரியின் தொழுவத்தில்தான் அந்த இனம் பிழைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலும் வலியும் சேர்ந்தே வருகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை மண்ணுத்தி போய் அந்த மாடுகள் நின்ற தொழுவத்தில் நின்றேன். ஒரு சின்னக் காளை அருகில் வந்து என் முழங்கையை நக்கியது. வாலடியில் விரல் வைக்கலாமா என்று அங்கிருந்த மாணவியிடம் அனுமதி கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எழுபத்திரண்டு.

அன்றைக்குக் கல்லூரியைச் சுற்றி வந்தேன். என் கண்ணில் பட்டவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். என் வகுப்பில் பெண்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஸ்கேன் கருவி வந்திருக்கிறது. குழாயின் சிலிர்ப்பைத் தேட வேண்டியதில்லை, கன்றின் இதயம் அடிப்பதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். நல்லதுதான். எங்கள் காலத்தில் தவறிய எத்தனையோ உயிர் இப்போது தவறாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் நாயும் பூனையும். டிராவிஸில் ஒரே ஒரு பசு நின்றது.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 1996ல் கேரளத்தில் சுமார் 34 லட்சம் மாடுகள். 2019 கணக்கெடுப்பில் 13 லட்சம் சொச்சம். கரமனையில் எங்கள் தெருவின் கடைசிப் பசு எதிர்வீட்டு ஆச்சியுடையது. தொழுவத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தார்கள். பசுவை நேமத்துக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போன காலையில், ஆச்சி வாசலுக்கு வரவில்லை. மறுநாள் முதல் அவர்கள் வீட்டுப் படியிலும் மில்மா கவர். கொஞ்ச நாள் வரை ஆச்சி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பின்கட்டுக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக அந்த விளக்கு எரிவதும் அணைவதும் தெரியும்.

இப்போது தெருவில் நாய்கள்தான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பேத்தி ஒரு லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மந்தமாக இருக்கிறதாம். நாய்க்கு நாடி தொடையின் உள்பக்கம். இடுப்பிலிருந்து இறங்கும் பள்ளத்தில் விரல் வைத்தால் போதும். "தாத்தா, எனக்கும் காட்டுங்க" என்றாள். அவள் கையை எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். அழுத்தினாள். "அமுக்காத" என்று சொன்ன குரல் என்னுடையதா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அப்பா போனது 1984ல், ஐப்பசி மழையில், இதே வீட்டின் நடுக்கூடத்தில். கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. ராத்திரி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டில் நாடி பார்த்தேன், கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கை தானாகவே மேலே போயிற்று. கீழ்த்தாடையின் ஓரம், எலும்பு வளையும் இடம். மூன்று விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், சும்மா இருந்தேன்.

இருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தெட்டு.